அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் நீங்கள் விடாமல் கேட்கும் இசைக்குழு எது?

டோம். லண்டனைச் சேர்ந்த ப்ரூஸ் கில்பர்ட், கிரஹாம் லூயிஸ் என்ற இரண்டே பேர்தான் குழு.

போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கை அடுத்து வந்த சோதனை ராக் இசை) கேட்பவர்களுக்கு இவர்களுடைய தாய்க்குழுவான வயரைத் தெரிந்திருக்கும். 1977இல் பிங்க் ஃப்ளாக், மறு ஆண்டு சேர்ஸ் மிஸ்ஸிங், 1979இல் 154 என்று வரிசையாக மூன்று ஆல்பம் போட்டுவிட்டு 1980இல் அந்தக் குழு ஓய்ந்துவிட்டது. பாடகர் காலின் நியூமன் தனி ஆல்பம் போடப் போனார். கிதார் வாசித்த கில்பர்ட்டும் பேஸ் வாசித்த லூயிஸும் நேராக ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

பிளாக்விங் என்ற அந்த ஸ்டூடியோ ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். ஒலிப்பதிவாளர் எரிக் ராட்கிளிஃப். டெப்பெஷ் மோடின் முதல் ஆல்பம் பதிவானதும் இங்கேதான், ஆனால் ஒரே அறையில் இப்படி இரண்டு உலகங்கள் பிறந்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வழக்கமாகப் பாட்டை எழுதி, ஒத்திகை பார்த்து, அப்புறம்தான் பதிவுக்குப் போவார்கள். இவர்கள் ஸ்டூடியோவையே வாத்தியமாக வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த சத்தத்திலிருந்து பாட்டை உருவாக்கினார்கள். கேட்கும்போது கிதார் எது, டேப் எது, எதையோ தட்டிய சத்தம் எது என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்ல வராது. டோம் 1, டோம் 2 இரண்டும் 1980இலேயே அவர்களுடைய சொந்த லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) வந்தன, மூன்றாவது 1981இல். அந்த மூன்றாவதில் பாட்டுகளின் பெயர்களே அர்-கு, உர்-உர் என்று வெறும் ஒலிகளாகிவிட்டன. 1983இல் வந்த நான்காவதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு.

இதையெல்லாம் வயரின் மிச்சம்மீதி என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. முதல் ஆல்பத்தில் ஏஞ்சலா கான்வே பாடும் 'க்ரூயல் வென் கம்ப்ளீட்' ஒன்றைக் கேட்டாலே போதும், இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் மெட்டு கட்டும் திறமை எங்கேயும் போய்விடவில்லை என்று தெரிந்துவிடும். அதை மறைத்து வைத்து, நாம் தேடிப் போய்க் கேட்கும்படி செய்கிறார்கள், அவ்வளவுதான்.

மேடையும் அப்படித்தான். ஓவியக் காட்சியகங்களில் தலையில் காகிதக் குழாய்களை மாட்டிக்கொண்டு, சரியாகக் கண் தெரியாமலே வாசித்திருக்கிறார்கள். 1981இல் ஓவியர் ரஸ்ஸல் மில்ஸுடன் சேர்ந்து லண்டன் வாட்டர்லூ காலரியில் பொருள்களை வாத்தியங்களாக்கி வைத்து, வருகிறவர்கள் எல்லோரையும் வாசிக்கவிட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மறு ஆண்டு வந்த எம்சூயி ஆல்பம்.

நடுவில் குப்போல் என்ற பெயரில் 4ஏடி லேபிளுக்கு ஒரு இசைத்தட்டு, மியூட் லேபிளின் டேனியல் மில்லருடன் சேர்ந்து டூயட் எம்மோ என்று ஒன்று (மியூட், டோம் இரண்டின் எழுத்துகளையும் கலைத்துப் போட்டு வைத்த பெயர்!). 1985இல் வயர் மறுபடி கூடியதும் டோம் ஒதுங்கிக்கொண்டது. 1999இல் டோம் பெயரில் இக்லெப்ட் என்ற ஆல்பம் வந்தது. 2011இல் வியன்னாவின் எடிஷன்ஸ் மெகோ லேபிள் டோம் ஆல்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியாக மறுபடி வெளியிட்டது.

புதிதாகக் கேட்பவர்கள் டோம் 1இலிருந்து தொடங்குங்கள். பிடித்தால் அடுத்து மூன்றாவது. நான்காவதை மட்டும் அவசரமாக இருக்கும்போது போடாதீர்கள்.