மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் காய்ச்சல்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. அடிக்கடி காய்ச்சல், வாய் முழுக்கப் புண், கழுத்தில் நெறி. மூன்று நாள் சோறு இறங்காது. சூடு என்று மணத்தக்காளிக் கீரையாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று. காலண்டரில் குறித்த தேதிகள்: ஜூன் 3, ஜூன் 24, ஜூலை 15, ஆகஸ்ட் 5. கடைசி முறை ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளணு 4,200, நியூட்ரோபில் 4 சதவீதம். பத்து நாள் கழித்து எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. முதல் ரிப்போர்ட் லேப் தப்பு என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ரத்தப் புற்றுநோயோ என்றதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பப்பாளி இலைச் சாறு தரலாமா? என் கணவருக்கும் சின்ன வயதில் இப்படி வருமாம். 38 வயதிலேயே ஈறு கெட்டு ஐந்து பல் போய்விட்டது.
- வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, அந்த நான்கு தேதிகளையும் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 21 நாள். லேப் தப்பு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

4,200இல் 4 சதவீதம் என்றால் 168. கிருமியை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணு வகையான நியூட்ரோபில் அவ்வளவுதான் இருந்திருக்கிறது. 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் 4,200 பரவாயில்லை என்று ரிப்போர்ட்டை மடித்துவிடுவார்கள்.

நியூட்ரோபில் அன்றன்றைக்கு வடிக்கும் சோறு மாதிரி. ரத்தத்துக்கு வந்தபின் ஒரு நாள்கூடத் தங்காது. எலும்பு மஜ்ஜை சில நாள் உற்பத்தியை நிறுத்தினால் பானை காலி. சிலருக்கு மஜ்ஜை ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை இப்படி நின்று, மூன்று முதல் ஐந்து நாளில் மறுபடி தொடங்கும். இதற்கு சைக்ளிக் நியூட்ரோபீனியா என்று பெயர். மிக அரிது. எலேன் என்ற மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்பது 1999இல்தான் தெரியவந்தது.

நானும் இதைத் தவறவிட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறுமி இதே தொந்தரவோடு வருவாள். ஆன்டிபயாடிக் கொடுப்பேன், நான்காம் நாள் இட்லி சாப்பிடுவாள், என் மருந்து கேட்டது என்று நம்பினேன். ஒருநாள் அவள் பாட்டி, "மூணு சந்தை போனா காய்ச்சல் வந்துடுது டாக்டரம்மா" என்றார். வாரச்சந்தையை வைத்து அவர் கணக்குப் போட்டிருந்தார். சுழற்சி தானாக முடிந்துதான் அவள் தேறியிருக்கிறாள் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாட்டியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று கடிதத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. வாரம் இரண்டு மூன்று முறை என ஆறு வாரம் ரத்தம் எடுத்து, ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து பார்க்க வேண்டும். பிள்ளையின் கையில் இத்தனை முறை குத்துவதா என்று மனசு பதறும். ஆனால் வேறு குறுக்குவழி இல்லை. மரபணுப் பரிசோதனையும் உண்டு. காலண்டரோடு ரத்தநோய் நிபுணரிடம் போங்கள்.

புற்றுநோய் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பத்தே நாளில் எண்ணிக்கை தானாகச் சீரானது நல்ல அறிகுறி. பப்பாளி இலைச் சாறு வேண்டாம். டெங்குவில் தட்டணுக்களுக்காக அதைத் தருகிறார்கள். இது வேறு அணு. இந்த நோய்தான் என்று உறுதியானால், நியூட்ரோபில் உற்பத்தி செய்ய மஜ்ஜையைத் தூண்டும் ஜி.சி.எஸ்.எஃப் என்ற ஊசி இருக்கிறது. தோலுக்கு அடியில் போடுவது, வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் நன்றாகக் குறையும்.

அதுவரை ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், நியூட்ரோபில் குறைந்த பிள்ளை என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கூடவே வயிற்றுவலியும் இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை வேண்டாம். அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். மற்ற நாட்களில் பள்ளிக்குப் போகட்டும், விளையாடட்டும். இது அவனிடமிருந்து யாருக்கும் தொற்றாது.

உங்கள் கணவரின் பல் விஷயத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இந்த மரபணு மாற்றம் இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வயது ஏற ஏறக் காய்ச்சல் தணிந்து, ஈறு மட்டும் கெட்டுக்கொண்டே போவதும் உண்டு. மகனுக்கு ரத்தம் எடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.