மனநல ஆலோசனை சொல்ற கவுன்சிலர் நம்ம ஆளாத்தான் இருக்கணுமா?

கேள்வி: மன்னார்குடியில இருந்து கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து உட்லண்ட்ஸ்ல இருக்கேன், மாமியாரோட ஓயாத பிரச்சனை. சீனக் கவுன்சிலருக்கு நம்ம வீட்டு விஷயம் புரியுமா அக்கா?

பதில்: தயக்கம் நியாயம்தாம்மா, சீர், நாத்தனார்னு ஒவ்வொண்ணா விளக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். 2011ல கப்ரால், ஸ்மித்னு ரெண்டு பேர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க, தன் இனத்துக் கவுன்சிலரைத்தான் ஜனங்க விரும்புறாங்க, ஆனா பலன்ல கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லையாம். என்னைக் கேட்டா மொழிதான் முக்கியம், அழும்போது வர்ற மொழியில பேசணும். 1991ல ஆரம்பிச்ச சிண்டாவுல, அதான் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துல, தமிழ்ல பேச ஆள் கேளுங்க. தமிழர்னா விஷயம் வெளிய போயிடுமோன்னு பயமா இருந்தா, வேற இனத்தவர்கிட்டயே தாராளமா போங்க. தாங்கவே முடியலன்னா எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அடிங்கம்மா.