ஒரே காயில் ஏழு பட்டாணி

கேள்வி: மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் ‘ஒரே காயில் உள்ள பட்டாணிகள்’ போல ஏறக்குறைய ஒரே எடையில் இருக்குமாமே? நம் குடும்பத்தில் வியாழன் எங்கே, புதன் எங்கே! அதுசரி, அவ்வளவு தூரத்தில் இருப்பதை எப்படி எடை போட்டார்கள்?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: நேற்று குருமாவுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கையிலிருந்த காயில் ஏழு மணி. டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்துக்கும் ஏழு கோள்கள்; தூரம் சுமார் 40 ஒளியாண்டு.

அங்கே தராசு அந்தக் கோள்களேதான். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி துளி மங்கும். பக்கத்துக் கோள் இழுத்தால் அந்த மங்கல் சில நிமிடம் முந்தும், பிந்தும். எவ்வளவு என்று பார்த்து, இழுத்தவரின் நிறையைக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே மிகக் கனமானது பூமியைப் போல 1.37 மடங்கு; மிக லேசானது மூன்றில் ஒரு பங்கு. நாலு மடங்குதான் வித்தியாசம். வியாழனோ புதனைப் போல 5,000 மடங்குக்கும் மேல்!

காயின் ஓரத்து மணி மாதிரி, கடைசிக் கோள்தான் நோஞ்சான். ஆனால் மூன்றாவது கோளும் கிட்டத்தட்ட அதே எடை. அங்கே என் காய் உதைக்கிறது.

ஒரு குடும்பத்தை வைத்து மட்டும் சொன்னதல்ல இது. கெப்ளர் தொலைநோக்கி கண்ட பல குடும்பங்களை அலசிய வானியலாளர் சாரா மில்ஹாலண்ட் குழு, ஒரே நட்சத்திரத்தின் கோள்களுக்குள் நிறை ஒத்துப்போவதாக 2017-ல் எழுதியது. சிறியவை கண்ணில் படாததால் வந்த மயக்கம் என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. சிறியது தெரிகிற இடத்தில், அதே தூரத்தில் பெரியது இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியுமே!

வியாழன் விஷயம் வேறு. கெப்ளர் அந்த வான்பகுதியை நாலு வருடம்தான் பார்த்தது; வியாழன் ஒருமுறை சுற்றவே 12 வருடம் ஆகும். அந்தக் குடும்பங்களின் வெளிவட்டத்திலும் ஒரு பெரியண்ணன் ஒளிந்திருக்கலாம்.

அப்புறம், எடை ஒத்தால் குணமும் ஒக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கெப்ளர்-36 என்ற நட்சத்திரத்தின் இரண்டு கோள்களுக்கு ஆண்டு 14 நாள், 16 நாள். நிறை வித்தியாசம் இரண்டு மடங்குக்குள்தான். ஆனால் உள்கோள் பாறை, வெளிக்கோள் வாயுப் போர்வை போர்த்தியது. அடர்த்தியில் எட்டு மடங்கு வித்தியாசம். நட்சத்திரச் சூட்டில் உள்கோளின் போர்வை பறந்துவிட்டது என்கிறார்கள்.