அமெரிக்காவின் 17 ஆண்டுச் சில்வண்டுகள் எப்போது வரும் என்று எப்படிக் கணிக்கிறார்கள்? தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஆண்டைக் கணிப்பது எளிது. கிழக்கு அமெரிக்காவில் இந்தச் சில்வண்டுகள் 13 அல்லது 17 ஆண்டு மண்ணுக்குள் வளர்ந்து பிறகு வெளியே வரும். அந்தச் சுழற்சிப்படி அவற்றைக் கூட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். 10ஆம் கூட்டம் 2004இலும் 2021இலும் வந்தது, அடுத்தது 2038. சில வண்டுகள் நான்கு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். 2017இல் அப்படித்தான் நடந்தது.

நாளைக் கணிக்க மண்ணின் சூட்டைப் பார்க்க வேண்டும். சுமார் 20 செ.மீ. ஆழத்தில் 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும், அதுவும் ஒரு மழை பெய்தால், இரவில் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். பெரும்பாலும் மே மாதத்தில்.

அவை கடிக்காது, கொட்டாது. ஆனால் பெண் வண்டு பென்சில் பருமனுள்ள கிளைகளைக் கீறி முட்டையிடும். முதிர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும், இளங்கன்றுதான் பாவம். அதனால் அந்த ஆண்டு வசந்தத்தில் கன்று நடாதீர்கள், இலையுதிர்காலம் வரை பொறுங்கள். ஏற்கெனவே நட்டதை கண்கள் 6 மி.மீ.க்கு மேல் பெரிதாக இல்லாத வலையால் மூடி, அடித்தண்டில் கட்டிவிடுங்கள். ஆறு வாரம் போதும், அப்புறம் எடுத்துவிடலாம்.

தயவுசெய்து மருந்து மட்டும் அடிக்காதீர்கள். செத்ததற்கு மேல் புதிதாக வந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தின்னும் பறவைகளுக்குத்தான் கேடு.