கிழிந்த கட்டும் தெரிந்தவனின் மௌனமும்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது தாத்தாவின் பழைய சீட்டுக்கட்டில்தான் முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டம் ஆடுகிறோம். மடிப்பும் கறையும் விழுந்த பல சீட்டுகளைப் பின்புறம் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். கோலாலம்பூரிலிருந்து வரும் சித்தப்பா பிள்ளைகளுக்கு அது தெரியாது. பெரும்பாலும் நானே ஜெயிக்கிறேன். யாரும் வேண்டுமென்று குறி வைக்கவில்லையே, கட்டு தானாகப் பழசானதுதானே, இது ஏமாற்றாகுமா? புதுக்கட்டு வாங்கத் தாத்தா சம்மதிப்பதில்லை. பிளாஸ்டிக் சீட்டு நல்லதா? சில்லறை வைத்து ஆடுவது சட்டப்படி குற்றமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சென்ற வாரம் இங்கே ஒரு சாவு வீட்டில் இளைஞர்கள் விடிய விடியச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தபோது, அந்தப் பழைய கட்டில் இருந்த அடையாளங்களைப் பற்றி ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டிருந்த விஷயத்தைத்தான் உன் கடிதம் தொட்டிருக்கிறது.

சட்டத்துக்கு 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் இருக்கிறது. அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள். பிளாஸ்டிக் சீட்டு நம் ஊர் ஈரக்காற்றில் உப்பாது, துடைத்தும் வைக்கலாம். அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு வருவோம். முந்நூற்று நான்கில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று உனக்கே தெரியும். ஜாக்கி கைக்கு வந்தவன் அதைப் பாயில் ஓங்கி அடிக்காமல் இருப்பதில்லை. ஆகவே ஒரு கட்டில் முதலில் மூலை உடைவதும் முதுகில் கோடு விழுவதும் அதிகப் புள்ளியுள்ள சீட்டுகளுக்குத்தான். அதோடு, ஏலம் கேட்டவன் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடும் ஆட்டம் இது. அந்த ஒரு சீட்டின் முதுகு பேசிவிட்டால் ஆட்டமே முடிந்துபோகிறது. சீட்டின் பின்புறம் ஒரு காலத்தில் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது. சிறு கறையும் அதில் தெரிந்துவிடும் என்பதாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கோலங்கள் அச்சாகிப் பரவின. சூதாட்ட விடுதிகளிலோ பழகிய கட்டைத் துளையிட்டோ மூலையை வெட்டியோ கழித்துவிடுகிறார்கள். ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த மனிதர்களுக்கு அந்த வசதி ஏது?

இருட்டில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கைகள்தான் பிற்பகலில் எங்கள் லயத்து வாசலில் சீட்டைப் பிடித்தன. விரலிடுக்கில் உலர்ந்திருந்த பால் சீட்டில் ஒட்டிப் பழுப்பேறிவிடும். அதை நகத்தால் உரித்தால் மேல்தாளும் சேர்ந்து வந்து, அரிசியளவு வெள்ளைத் திட்டு நிற்கும். தொலைந்த ஜாக்கிக்குப் பதிலாக, ஆட்டத்தில் சேராத 20 சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பேனாவால் எழுதி வைப்பார்கள். பெட்டியிலேயே கிடந்த சீட்டு என்பதால் அது பளிச்சென்று இருக்கும். அழுக்குக் கட்டில் அதைவிடப் பெரிய அடையாளம் கிடையாது.

அங்கே ஆட்டத்தை நடத்திய பெரியவரை நாங்கள் மாமா என்போம். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், மாமா கட்டு முழுவதையும் கவிழ்த்துப் பாயில் பரப்புவார். பழுதான ஒவ்வொன்றையும் விரலால் தள்ளி, "இது கிளாவர் ஜாக்கி, மூலை ஒடைஞ்சது, இது ஆர்ட்டின் ஒம்போது, பால் கறை, நல்லாப் பாத்துக்க" என்று காட்டித் திருப்புவார். வந்தவர் தன் வாயால் அவற்றைச் சரியாகச் சொன்ன பிறகே சீட்டைக் கலைப்பார். அவசரப்படுகிறவர்களை ஒரு பார்வையில் அடக்கிவிடுவார். கவிழ்த்த துருப்பின் மேல் தீப்பெட்டியை வைத்து மறைக்கச் சொன்னவரும் அவரே.

இப்போது உன் வாதத்தைப் பார். யாரும் குறி வைக்கவில்லை என்கிறாய். நகத்தால் கீறியதோ, காலம் கீறியதோ, பாயில் இருக்கும் எல்லோருக்கும் அந்தக் கீறல் தெரிந்திருந்தால் அதனால் யாருக்கும் நட்டமில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஆடுவார்கள். ஒருவனுக்கு மட்டும் தெரிந்து, அவன் வாயை மூடிக்கொண்டு சில்லறையை அள்ளினால், கீறலை அவனே போட்டதற்குச் சமம். உன் தம்பிகள் தங்கள் கையிலுள்ள எட்டுச் சீட்டைப் பார்த்து ஆடுகிறார்கள். நீ அவர்கள் கையையும் பார்த்து ஆடுகிறாய். நம் வீடு, நம் அண்ணன் என்று நம்பி உட்கார்ந்த பிள்ளைகளிடம் அப்படிச் செய்துவிட்டு, இது ஏமாற்றாகுமா என்று கேட்க உனக்குக் கூசவில்லையா? கூசியிருக்கிறது, இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டாய். அதனால்தான் உன் மேல் கோபம் நிலைக்கவில்லை.

தாத்தாவைப் புதுக்கட்டுக்கு நெருக்காதே. அந்தக் கட்டில் அவரோடு ஆடியவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவரிடம் ஒருநாள் உட்கார்ந்து கேள். அவர் ஏன் மறுக்கிறார் என்பது உனக்கே விளங்கும். அந்தக் கட்டிலேயே ஆடுங்கள். ஆனால் வரும் தீபாவளிக்கு, முதல் ஆட்டத்துக்கு முன்பாகவே, தம்பிகளை உட்காரவைத்து நீ அறிந்த சீட்டு ஒவ்வொன்றையும் அவர்களுக்குக் காட்டு. விட்டுப்போனவற்றைத் தாத்தா சொல்லித் தரட்டும். இதுவரை அவர்களிடம் ஜெயித்த காசையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடு. தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.