மாத்திரை போட்டும் படர்தாமரை திரும்ப வருகிறதே?

கேள்வி: வயது 34. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் எட்டு மாதமாகப் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது, விட்டால் இன்னும் பெரிதாக வருகிறது. டாக்டர் இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கான மாத்திரையை எழுதிக்கொடுத்தார். 15 நாள் போட்டேன், அரிப்பு நின்றதும் நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடியும். இதைவிடப் பவரான மாத்திரை இருக்கிறதா?

பதில்: பவர் இருக்கட்டும், முதலில் அந்த ட்யூபை எடுத்துப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் மாதிரி பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பையும் சிவப்பையும் அது அமுக்கிவிடும், பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டே இருக்கும். இடுக்கில் தோல் மெல்லியது, மாதக்கணக்கில் தடவினால் கோடு கோடாகத் தழும்பு விழும், அது முழுதாக மறையாது. நிறுத்தினால் சில நாள் அரிப்பு கூடும், அதற்குப் பயந்து மறுபடி தடவிவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அரிப்புக்குத் தனி மாத்திரை தருவார்.

15 நாள் போதாது. இவ்வளவு பரவிய படர்தாமரைக்கு இப்போதெல்லாம் நாலு முதல் ஆறு வாரம், பலருக்கு அதற்கு மேலும் தேவைப்படுகிறது. எப்போது நிறுத்துவது என்பதை அரிப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது, டாக்டர் தோலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், எப்படிப் போட்டீர்கள்? இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் உடம்பில் சேர வயிற்றில் உணவும் அமிலமும் வேண்டும். வயிறார சாப்பிட்ட கையோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டாலோ, கூடவே பான்டொப்ரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை எடுத்தாலோ சரியாகச் சேராது. நிறைய பேருக்கு மருந்து 'கேட்காமல்' போவது இதனால்தான்.

டெர்பினாஃபின் என்று இன்னொன்று உண்டு, ஆனால் 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்களே, நம் நாட்டில் பரவலாக இருக்கும் அந்தப் பூஞ்சை, அது பல பேரிடம் இந்த மருந்துக்கு அடங்குவதில்லை. கீட்டோகொனசோல் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடவே போடாதீர்கள், கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கலாம். இட்ராகொனசோலும் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது, சில கொலஸ்டிரால் மாத்திரைகளோடு சேரக்கூடாது. மஞ்சள் காமாலை வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், வியர்வையில் ஊறி அதிலேயே பூஞ்சை தங்கும். துண்டு தனியாக இருக்கட்டும், உள்ளாடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், இருந்தால் அவர்களையும் அதே நாளில் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.