“மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்” என்றால் என்ன? பணக் கஷ்டம் என்றாலே இதைச் சொல்லலாமா?

வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டுக் கைவிரித்துவிட்டான் என்று பொருள். கடைவீதியில் ‘ஐ.பி. கொடுத்துட்டான்’ என்பதும் இதைத்தான். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம் அது.

எல்லாப் பணக் கஷ்டத்துக்கும் பொருந்தாது. மாசக் கடைசியில் கை வறண்டால் ‘கையைக் கடிக்குது’ போதும். தொழில் படுத்துப்போனவரைப் பரிவோடு சொல்ல ‘நொடிச்சுப் போயிட்டார்’. மஞ்சள் கடுதாசி மட்டும் பணம் கொடுத்து ஏமாந்தவன் வாயிலிருந்து வரும் சொல். அதனால்தான் வினை ‘கொடுத்தான்’, ‘நீட்டிட்டான்’ என்று வருகிறது. ‘சொத்தை எங்கேயோ பதுக்கிட்டான்’ என்ற சந்தேகமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பவை சென்னை மாநகருக்கான 1909-ஆம் ஆண்டு நொடிப்பு (இன்சால்வென்சி) சட்டமும், மற்ற ஊர்களுக்கான 1920-ஆம் ஆண்டுச் சட்டமும். கடனைக் கட்ட முடியாத நிலையில், மொத்தக் கடன் 500 ரூபாயைத் தொட்டாலே மனுப் போடலாம் என்கிறது இரண்டாவது. (அந்தக் காலத்து 500!) யாருக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் விலாசம், தன்னிடம் உள்ள சொத்து எல்லாவற்றையும் மனுவில் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு நோட்டீஸ் போகும். பேச்சில் அதுதான் கடுதாசி.

மனுப் போட்ட அன்றே கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்ததும் சொத்து, அதைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரிப்பார். உடுதுணி, பாயும் படுக்கையும், சமையல் பாத்திரம், தொழிலாளியின் கைக்கருவி, தாலி மாதிரி சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றைத் தொட முடியாது. மனுப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் மச்சான் பேருக்குச் சும்மா எழுதிவைத்த வீட்டைக் கோர்ட் ரத்து செய்யலாம். அடமானம் வாங்கியவர் உரிமை அப்படியே நிற்கும். கடைசியில் கோர்ட் விடுவித்தால்தான் மிச்சக் கடன் போகும். மோசடி செய்து வாங்கிய கடன் அப்போதும் போகாது.

கேலியாகவும் சொல்வதுண்டு: “இந்த மாதிரி சீர் செஞ்சா, அடுத்த வருஷம் மஞ்சக் கடுதாசிதான் மாமா!” பேச்சில் கடிதாசி, கடுதாசி இரண்டும் உண்டு.